சமைத்தவள் சாப்பிடும் வரை

வேலாங்காட்டுப்பாளையத்தில் ருசி போனது ஒரு புதன்கிழமை மதியம். அன்று துளசிமணி கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் வைத்திருந்தாள். விசைத்தறி ஓடுகிற ஊர் அது. விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் காதை அடைத்துக்கொண்டே இருக்கும், கரண்டு போனால்தான் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அன்று கரண்டு போயிருந்தது. அதனால் துளசிமணியின் புருசன் வெள்ளியங்கிரி முதல் வாய்ச் சோற்றை மென்றுவிட்டு, "ஏம் புள்ள, உப்புப் போடலியா?" என்று கேட்டபோது, அதே கேள்வியைப் பக்கத்து வீட்டில் பேபியக்காவின் புருசன் கேட்டதும், அதற்கடுத்த வீட்டில் ஒருவர் கேட்டதும், அப்படியே அந்தக் கேள்வி வீடு வீடாகத் தெருக்கோடி வரை போய் மாரியம்மன் கோயில் மதிலில் முட்டி நின்றதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

உப்புப் போட்டிருந்தது. புளியும் மிளகாயும் போட்டிருந்தது. ரசத்தின் வாசம் வாசலைத் தாண்டிப் போயிற்று. நாக்கில் வைத்தால் மட்டும் நனைந்த நூலை மெல்லுவது மாதிரி இருந்தது.

முதலில் உப்புப் பொட்டலத்தைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு சாயப்பட்டறைத் தண்ணீரை, பிறகு ரேசன் அரிசியை, பிறகு நாக்கை. டாக்டர் வரிசையாக எல்லோரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், எல்லா நாக்கும் நல்ல நாக்காகவே இருந்தது. டாக்டரும் அந்த ஊரிலேயே குடியிருந்ததால் மத்தியானம் வீட்டுக்குப் போய் அவரும் நூலைத்தான் மென்றார். ஊர் எல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பன்னை வாங்கித் தின்றவர்கள் அது இனித்ததாகச் சொன்னார்கள். அதே பன்னை இந்தப் பக்கம் கொண்டுவந்து தின்றாலும் இனித்தது. ஊருக்குள் உலை வைத்து இறக்குகிற சோற்றுக்குத்தான் இந்தக் கேடு என்று அப்போது புரிந்தது.

விசயம் வெளியே வந்தது பேபியக்காவால். அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒருநாள் சமையலை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மயங்கி விழுந்தால் தறி நின்றுபோகுமே என்ற பயத்தில், புருசன் வருவதற்கு முன்பே தட்டில் சோற்றைப் போட்டு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் புருசன் ஒரு வாய் வைத்ததும் தட்டோடு தெருவுக்கு ஓடிவந்து, "வந்திருச்சுங்க, ருசி வந்திருச்சுங்க!" என்று கத்தினார். தெருவே வந்து அவர் தட்டில் ஆளுக்கொரு வாய் அள்ளியது. என்ன பண்ணினாய், என்ன பண்ணினாய் என்று பெண்கள் பேபியக்காவைச் சூழ்ந்துகொண்டபோது, புருசனுக்கு முந்தித் தின்றேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "பெருங்காயம் மாத்தினேனுங்க" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் கடையில் பெருங்காயம் தீர்ந்துபோனது. ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் தறி ஓட்டிக்கொண்டே பேபியக்கா உண்மையைத் துளசிமணியிடம் சொன்னாள். தறிக்காரர்கள் அந்தச் சத்தத்தில் குரலை வைத்துப் பேசுவதில்லை, உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிர்த் தறியில் நிற்பவர்கள் அதைப் படித்துக்கொள்வார்கள். ஆகவே பேபியக்கா சத்தமே இல்லாமல், மிக ரகசியமாக, "நாந்தான் முன்னால தின்னுபோட்டன், யார்கிட்டயும் சொல்லாத" என்று உதட்டால் சொன்னாள். அந்தப் பட்டறையில் இருந்த அத்தனை பேரும் உதட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சமைத்தவள் சாப்பிட்டிருந்தால்தான் அந்தச் சோறு மற்றவர் நாக்குக்கு எட்டும். அவ்வளவுதான் விசயம். ஏன் அப்படி என்று யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை. தறியில் இழை அறுந்தால் ஏன் அறுந்தது என்று கேட்டுக்கொண்டா நிற்கிறார்கள், முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அப்படித்தான் அந்த ஊர்க்காரர்கள் இதையும் ஓட்டப் பார்த்தார்கள்.

ஆனால் முடிச்சுப் போடுவது லேசாக இல்லை. வீட்டுக்கு வீடு ஆண்கள், "நீ மொதல்ல சாப்புடு புள்ள" என்று சொன்னார்கள். "அப்பவே சாப்பிட்டனுங்க" என்று பெண்கள் சொன்னார்கள். அவர்கள் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த பதில் அது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் யார் கேட்டாலும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியது. இத்தனை காலம் அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. இப்போது சோறே சாட்சி சொன்னது. புருசன்மார்கள் ஒரு வாய் மென்றுவிட்டுத் தலையை நிமிர்த்தி, "சாப்புடல நீ" என்றார்கள். பொய் சொன்னது பிடிபட்டதில் பெண்களுக்கு வந்த கோபத்தைவிட, இவ்வளவு நாளும் எத்தனை முறை அந்தப் பொய்யை நம்பியிருக்கிறோம் என்று மனதுக்குள் கணக்குப் போட்ட ஆண்களுக்கு வந்த கலக்கம் பெரிதாக இருந்தது. சிலர் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

அரை வயிறு சாப்பிட்டால் அரை ருசிதான் வந்தது. அடுப்படியில் நின்றபடியே ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டால், பஸ் ஸ்டாண்டில் நின்று தின்கிற அவசர ருசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில்தான் பெரிய சண்டையே வந்தது. கால் புருசனுக்கும், ஈரல் மாமனாருக்கும், நெஞ்சுக்கறி பிள்ளைகளுக்கும் போக, பெண்கள் கழுத்தையும் விலாவையும் எடுத்துக்கொண்டு முதலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்புறம் சாப்பிட்டவர்கள் வாயில் காலும் கழுத்தாகவே இருந்தது, ஈரலும் கழுத்தாகவே இருந்தது. ஒரு கோழிக்கு இரண்டு கால்தான். அதில் ஒன்று இனிமேல் தனக்கில்லை என்பதைப் பல ஆண்கள் அன்றைக்குத்தான் முதல்முதலாக எண்ணிப் பார்த்தார்கள்.

பரோட்டாக் கடையில் மாஸ்டர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூட்டம் வெளியே நின்றது. தான் போடுகிற பரோட்டாவைத் தானே தின்ன முடியாது என்று ஒரு மாஸ்டர் ஊரை விட்டே போய்விட்டார். சில ஆண்கள் தாங்களே அடுப்பு மூட்டி, தாங்களே முதலில் தின்று, ருசியாக இருக்கிறது என்று மீசையைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு மிச்சத்தை வாயில் வைத்த பெண்டாட்டிகள் முகத்தைப் பார்த்துவிட்டு, ருசி என்பது நாக்கு மட்டும் சம்பந்தப்பட்டதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வழி பிறந்தது, துளசிமணி வீட்டில் மட்டும் பிறக்கவில்லை. அங்கே மாமனார் நாச்சிமுத்து இருந்தார். முறை என்றால் அவருக்கு முறைதான். கல்யாணத்தில் யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், சீர்த்தட்டில் எத்தனை தேங்காய் வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஊரில் அவரைத்தான் கேட்பார்கள். அவர் அடுப்படி வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மண்ணாட்டம் இருந்தாலும் நான் தின்னுக்கறேன். மருமவ எனக்கு முன்னால எலையில உக்கார்றத மட்டும் பாக்க மாட்டேன்."

"ஏனுங்கப்பா, ஊரே பண்ணுது" என்றான் வெள்ளியங்கிரி.

"ஊரு கெணத்துல உழுந்தா நீயும் உழுவியாடா?"

துளசிமணி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் அவளுக்கு வழிமறித்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெருவில் எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. மாமனார் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் இல்லாத ஒரு மத்தியானம் அவள் முயற்சி செய்து பார்த்தாள். தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, உட்கார்ந்து, ஒரு உருண்டை உருட்டி வாயில் வைத்தாள். திறந்த வாசலில் யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. தொண்டை மூடிக்கொண்டது. சுருக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டினாற்போல. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்பு மேடையைத் துடைத்துத் துணியைப் பிழிந்து காயப்போட்டால்தான் அவளுக்குப் பசிக்கும். அதுவரை வயிறு வாயைத் திறக்காது. ஏழு வயதில் அவளுடைய அம்மா அண்ணன்களுக்குப் போட்டுவிட்டு, "நமக்கு அப்பறம் கண்ணு" என்று அவள் கையைப் பிடித்து உட்கார வைத்த நாளிலிருந்து பழகிய பழக்கம் அது. ஒரு பசியையும் பழக்க முடியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளியங்கிரிக்கும் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. அவனுக்குப் பசிக்கும் முன்பே தட்டு வந்துவிடும். முதலில் அவன் அம்மா வைத்தாள், பிறகு துளசிமணி வைத்தாள். நாற்பத்தெட்டு வயது வரை அவன் ஒரு வேளைகூடச் சோற்றுக்காகக் காத்திருந்ததில்லை. ஆகவே பசி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குப் பசிக்கும் என்பதும் அதனாலேயே அவனுக்குத் தோன்றியதில்லை.

நாச்சிமுத்துவின் கட்டிலை நகர்த்தியது மாரியம்மன்தான். ஆடி மாதம் கோயிலில் பொங்கல் வைக்க வேண்டும். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் பூசாரி தின்றால் அது எச்சில். சாமிக்குப் படைத்துவிட்டுக் கொடுத்தால் பொங்கலின் ருசி ஒருவர் நாக்குக்கும் எட்டாது. ஊர் கூடிப் பேசி முடிவுக்கு வர முடியாமல், வழக்கப்படி அம்மனிடம் பூக் கேட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சமைத்தவர் முதலில் சாப்பிடலாம். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. நாச்சிமுத்து நம்பாமல் மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது முறை பொட்டலத்தை அவரே கட்டினார், அப்போதும் வெள்ளை.

"ஆத்தாளுக்கே சம்மதம்னா நமக்கென்ன" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினார். "அம்மிணி, இனி நீதான் முன்னால. மொறை மாறிப்போச்சு" என்றார்.

துளசிமணி வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். "ஆராச்சும் பாத்துட்டு இருந்தா எறங்க மாட்டீங்குதுங்க, மாமா."

"அப்ப பாக்காம இருக்கறோம்" என்றார் அவர், சீர்த்தட்டுக்குத் தேங்காய் சொல்கிற அதே குரலில்.

அவளுக்கு மட்டுமில்லை, ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்தத் தொந்தரவு இருந்திருக்கிறது. ஆகவே அன்றிலிருந்து மத்தியானம் தறி நின்றதும் ஆண்கள் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழும். அரைமணி நேரம் அந்தத் தெருவில் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூல் விலை பேசினார்கள், அது தீர்ந்ததும் குழம்பு பேசினார்கள்.

"உங்கூட்டுல என்ன மாப்ள?"

"கத்திரிக்காய்னு நெனைக்கறேன். வாசம் வருது."

"இன்னுமா சாப்படறா? என்ற வயிறு காந்துது."

"பேசாம நில்லு. அவ இருவது வருசம் நின்னிருக்கறா."

யாராவது கழுத்தைத் திருப்பினால் நாச்சிமுத்து விடமாட்டார். "திரும்பாத! மொறைன்னா மொறை!" என்று அதட்டுவார். வெள்ளியங்கிரி அங்கே நின்றபடிதான் பசி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டான். தாளித்த வாசம் வந்தால் வாயில் தண்ணீர் ஊறும், அது வயிற்றுக்குப் போகும், வயிறு முறுக்கும், கோபம் வரும், பிறகு கோபமும் போய் ஒரு பணிவு வரும். இதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் அவள் தினமும் நின்று பரிமாறியிருக்கிறாள் என்று நினைத்தபோது, உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டாலும் உடனே திரும்பாமல் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றான்.

இப்படி ஊர் புதுப் பழக்கத்துக்குத் தேய்ந்து வழவழப்பாகிக்கொண்டிருந்த வேளையில்தான் மேகலாவுக்குச் சம்பந்தம் வந்தது. மேகலா துளசிமணியின் ஒரே மகள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கேயே வேலை பார்த்த பூபதியை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. சாதகம் பொருந்தியது, உறவுமுறை பொருந்தியது. பூபதியின் அப்பா சென்னியப்பன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம், எல்லாம் சரிப்பட்டால் அன்றைக்கே கை நனைத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் நிச்சயமாகும்வரை பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் முடிந்தது, அதன்பிறகு யாரும் பேச்சை மாற்ற முடியாது.

சொல்லி அனுப்பியதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அதைப் பூபதி மேகலாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான், மேகலா அம்மாவிடம் சொன்னாள்.

"உங்கூர்ல பொம்பளைங்க முன்னால திங்கறாங்களாமா, அந்தக் கூத்தெல்லாம் நான் வர்ற அன்னிக்கு இருக்கக் கூடாதுங்கறாரும்மா. அப்பறம், பண்டம் ருசியில்லாம இருந்தா சகுனம் சரியில்லைன்னு எந்திரிச்சிருவாராமா. அவரு தங்கச்சிக்குப் பாத்த எடத்த, பாயாசம் ருசியில்லைன்னு அப்பிடித்தான் உட்டுட்டு வந்தாராமா."

துளசிமணி யோசித்தாள். வழி சுலபமாகத்தான் இருந்தது. அவர்கள் ஒன்றரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சமையலை முடித்து, தாழ்ப்பாள் போட்டுச் சாப்பிட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ஆனால் சென்னியப்பன் காலண்டரைப் பார்க்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்கு முன்னாலேயே கை நனைத்துவிட வேண்டும் என்று அன்று காலையில்தான் அவருக்குத் தோன்றியது. பதினொன்றேகாலுக்கு வாசலில் வண்டி வந்து நின்றபோது துளசிமணி சோற்றை அப்போதுதான் வடித்து நிமிர்த்தியிருந்தாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சென்னியப்பனும், பங்காளிகள் இரண்டு பேரும், பூபதியும், பூபதியின் அம்மா சாமியாத்தாளும். மேகலா வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். பேச்சு மளமளவென்று முடிந்தது, எதிலும் முட்டவில்லை. சென்னியப்பன் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பறமென்னுங்க, எலையப் போடுங்க. நேரத்துக்குள்ள கைய நனைச்சிரலாம்."

சாமியாத்தாள் எழுந்து அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டாள். மெலிந்த பெண்பிள்ளை. ஆண்கள் சாப்பிடும்போது எங்கே நிற்பாளோ அங்கே அவள் கால்கள் தாமாகவே போய் நின்றதுபோல் இருந்தது. அவள் அங்கே நிற்கையில் தாழ்ப்பாள் போட முடியாது. தெருவுக்குப் போய் முதுகைக் காட்டி நில்லுங்கள் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லவும் முடியாது.

வெள்ளியங்கிரி உள்ளே எட்டிப் பார்த்தான். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான். "சாப்ட்டியா?"

"இல்ல" என்றாள் துளசிமணி, அவளும் உதட்டால்.

தறிப்பட்டறையில் வளர்ந்த மேகலாவும் படித்துவிட்டாள். அவள் அம்மாவைப் பார்த்து, புன்னகை மாறாமல், உதட்டை அசைத்தாள். "பரவால்லம்மா. சாப்ட்டாச்சுன்னே சொல்லிரு. நான் சமாளிச்சுக்கறேன்."

துளசிமணி மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை அழகாக அந்தப் பொய் அந்த வாயில் உட்கார்ந்தது. அவள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. தன்னுடைய அம்மாவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு இதை விட்டால், நாளைக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு அடுப்படி வாசலில் மேகலா நின்றுகொண்டு, அப்பவே சாப்பிட்டனுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பாள், அங்கே சோறும் அவளுக்குச் சாட்சி சொல்லாது.

துளசிமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாமியாத்தாளைத் தாண்டி, நடுவீட்டுக்கு வந்தாள். ஐந்து இலை விரித்திருந்தது. சென்னியப்பன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். துளசிமணி முதல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் குனிந்தது குனிந்தபடி நின்றார். "இதென்னுங்க?"

"எங்கூரு வழக்கமுங்க" என்றாள் துளசிமணி. குரல் அவள் நினைத்ததைவிட உரக்கவே வந்தது. "சமைச்சவங்க மொதல்ல சாப்புடோணும். இல்லீன்னா உங்க நாக்குக்கு ஒண்ணும் எட்டாதுங்க. கொஞ்சம் நில்லுங்க."

வெள்ளியங்கிரி சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வந்து பெண்டாட்டி இலையில் சோறு வைத்தான், பருப்பு ஊற்றினான், நெய் விட்டான். நெய் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

"நான் என்ன சொல்லி அனுப்பிச்சேன்?" என்றார் சென்னியப்பன். "பொண்ணூட்டுக்காரி எலையில உக்காந்துட்டு எங்கள நிக்கச் சொல்றா! பூபதி, வண்டிய எடு."

பூபதி அசையவில்லை. மேகலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துளசிமணி ஒரு உருண்டை உருட்டி வாயில் வைத்தாள். இத்தனை கண்கள். தொண்டை மூடிக்கொண்டது. வாயிலிருந்த சோறு அங்கேயே நின்றது, மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது. சென்னியப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பங்காளிகள் செருப்பைத் தேடினார்கள்.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து சாமியாத்தாள் கேட்டாள். "நெசமாலுமே முன்னால சாப்புட்டாத்தானுங்களா?"

வாயில் சோறு இருந்ததால் துளசிமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"வயிறு நெறையவா?"

அதற்கும் ஆமாமென்று தலையை ஆட்டினாள்.

சாமியாத்தாள் அவள் கன்னத்தையும், அசையாத தொண்டையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "அட, இத்தன பேரு பாக்கறப்ப ஒத்தையில உக்காந்தா எப்பிடிங்க எறங்கும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு நடந்து வந்தாள். புருசனைச் சுற்றிக்கொண்டு வந்து, துளசிமணிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். "எனக்கும் வைங்கண்ணா."

வெள்ளியங்கிரி வைத்தான்.

"ஏய், எந்திரி!" என்றார் சென்னியப்பன்.

"இருங்க, வாரேன்" என்றாள் சாமியாத்தாள், தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் சொல்கிற அதே பதிலை, அதே மரியாதையோடு. சொல்லிவிட்டுச் சோற்றில் கையை வைத்தாள்.

"கை நனைஞ்சு போச்சு!" என்று சுவரோரத்திலிருந்து நாச்சிமுத்து எழுந்தார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மாப்ள ஊட்டுக் கை பொண்ணூட்டுச் சோத்துல பட்டுப்போச்சு. சம்பந்தம் முடிஞ்சுதுங்க."

"பொம்பளக் கையெல்லாம் கணக்குல வராதுங்க பெரியவரே."

"எந்த மொறையில அப்பிடி இருக்குது? மாப்ள ஊட்டுக் கைன்னுதான் மொறை. ஆம்பளக் கையி, பொம்பளக் கையின்னு ஆரும் பிரிச்சு வெக்கல. உங்கூட்டம்மா உங்கூட்டுக்காரி இல்லீன்னு வேணா இப்ப சபையில சொல்லுங்க, நான் உட்டுடறேன்."

சென்னியப்பன் பங்காளிகளைப் பார்த்தார். அவர்களில் மூத்தவர் செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டு, "அவரு சொல்றது மொறைதானப்பா" என்றார். பூபதி ஏற்கெனவே போய்ச் சுவரோரம் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சென்னியப்பனும் அங்கே போய் நின்றார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி தோளிலேயே போட்டார்.

"திரும்பி நில்லுங்க" என்றார் நாச்சிமுத்து.

"எதுக்குங்க?"

"மொறைங்க."

ஆண்கள் ஐந்து பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். வெள்ளியங்கிரி மட்டும் பரிமாற நின்றான். துளசிமணியின் தொண்டை மெல்ல இளகியது, முதல் வாய் இறங்கியது. பக்கத்தில் சாமியாத்தாள் பருப்பைப் பிசைந்தவள் விரலைச் சட்டென்று உதறினாள். ஐம்பதை நெருங்கிய முகத்தில் சின்னப் பெண்ணின் ஆச்சரியம் வந்தது.

"ஐயோ," என்றாள், "சோறு சுடுதுங்க, சம்பந்தி."

"ஊதிச் சாப்புடுங்க சம்பந்தி" என்றாள் துளசிமணி. "மெதுவாவே சாப்புடுங்க. அவங்க நிப்பாங்க."